கேமராவுக்கு முன்னால் மனைவியின் போனைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 35. கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மகளுக்கு மூன்று வயது முடியப்போகிறது. போனஸும் சேமிப்புமாக 80,000 ரூபாய் கையில் இருக்கிறது. மகள் வளர்வதைப் படமாகச் சேர்த்துவைக்க ஆசை. லென்ஸ் மாற்றக்கூடிய எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கலாமா, அல்லது நல்ல கேமரா உள்ள போன் ஒன்றை எனக்கு வாங்கிக்கொள்ளலாமா? காதுகுத்தின்போது மைத்துனர் எஸ்.எல்.ஆரில் எடுத்த படத்தில் பின்னணி மங்கி, குழந்தையின் முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. இப்போது வீட்டில் படம் எடுப்பது மனைவிதான். அவள் போன் பழையது, இடம் போதாமல் அவ்வப்போது பழைய படங்களை அழித்துவிட்டுத்தான் புதியதை எடுக்கிறாள். அதனால் தரமான ஒன்றாக வாங்கிவிட நினைக்கிறேன். எது சரி?

பதில்: தம்பி, 'பழைய படங்களை அழித்துவிட்டு' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மூன்று வயதுக் குழந்தையின் வீட்டில் பழைய படம் என்றால் எது? குப்புற விழுந்த நாள், தவழ்ந்த நாள், மொட்டை போட்டுக் காது குத்திய நாள். மகள் வளர்வதைச் சேர்த்துவைக்க ஆசை என்கிறீர்கள். வளர்ந்தது அந்தப் போனில் இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டும் இருக்கிறது. இது உங்களுக்குத் தெரிந்தே நடக்கிறது. தெரிந்ததால்தானே எழுதினீர்கள்?

போனா எஸ்.எல்.ஆரா என்ற கேள்வி எனக்கு ஓயாமல் வருகிறது. கேட்பவர்கள் அநேகமாக அப்பாக்கள். வீட்டில் நாள்தோறும் படம் எடுப்பவர்கள் அநேகமாக அம்மாக்கள். எது போகட்டும், எது இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்து அழிக்கும் வேலையை உங்கள் மனைவி தனியாகச் செய்கிறார். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை நீக்குகிற வேலை அது. இடமில்லை என்று அவர் உங்களிடம் ஒரு தடவையாவது சொல்லாமல் இருந்திருப்பாரா? ஒரு மெமரி கார்டோ, ஒரு ஹார்டு டிஸ்க்கோ வாங்கிக் கொடுத்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். அதைச் செய்யாமல் 80,000 ரூபாய்க்குக் கேமரா தேடுவதை நான் பொறுப்பு என்று சொல்ல மாட்டேன்.

படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு அவருடைய போனை வாங்கிப் பாருங்கள். கூகுள் போட்டோஸில் அழித்த படம் உடனே போய்விடுவதில்லை. இணையத்தில் சேமிக்கப்பட்டிருந்தால் 60 நாட்களும், சேமிக்கப்படாமல் இருந்தால் 30 நாட்களும் குப்பைத்தொட்டியில் கிடக்கும். ஐபோன் என்றாலும் 30 நாட்கள் இருக்கும். இருப்பதை மீட்டெடுங்கள், இன்றே கணினிக்கு மாற்றுங்கள். கூகுளின் இலவச இடம் அளவில்லாதது என்று இன்னும் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சலுகை 2021 ஜூன் 1 அன்று முடிந்தது. இப்போது மின்னஞ்சல் உட்பட எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி.தான்.

மீட்டுவிட்டீர்களா? இனிக் கேமராவுக்கு வருவோம்.

மைத்துனர் எடுத்த படம் அழகாக இருந்ததற்கு முதல் காரணம், வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சாரின் அளவு. சாதாரண எஸ்.எல்.ஆரின் சென்சார் சுமார் 23 மில்லிமீட்டருக்கு 15 மில்லிமீட்டர். உயர்ந்த விலை போன்கள் பலவற்றில்கூட அது 10 மில்லிமீட்டருக்கு 7 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். பரப்பில் ஐந்து மடங்கு வித்தியாசம். பின்னணி இயல்பாக மங்குவது அதனாலும், அதற்கேற்ற லென்ஸாலும்தான். போன் அந்த மங்கலைக் கணக்குப் போட்டு உண்டாக்குகிறது. சுருட்டை முடியின் ஓரத்திலும் ஜிமிக்கியின் வளையத்திலும் அந்தக் கணக்கு தடுமாறுவதை நீங்களே பார்க்கலாம்.

ஆனால், கடையில் இதைச் சொல்லி விற்பவர்கள் அடுத்த பாதியைச் சொல்வதில்லை. பெட்டியோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸை முழுதும் நீட்டினால் அதன் திறப்பு எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சிறிதாகும்). போனின் முதன்மை லென்ஸ் ஏறத்தாழ எஃப் 1.8 அளவில் திறந்தே இருக்கும். அதே பரப்பில் விழும் வெளிச்சத்தை ஒப்பிட்டால் எஸ்.எல்.ஆருக்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்குதான். பெரிய சென்சாரால் வந்த லாபம் அந்த இடத்திலேயே கரைந்துவிடுகிறது. இரவு கூடத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடும் குழந்தையை அந்த லென்ஸால் எடுத்துப் பார்த்துவிட்டு, 'போனே தேவலை' என்று கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டிய குடும்பங்கள் ஏராளம். கேமராவின் மேல் பழி போடுகிறார்கள். தவறு லென்ஸைப் பற்றி யாரும் சொல்லித்தராததில் இருக்கிறது. வீட்டுக்குள் எடுக்க 35 மி.மீ. எஃப் 1.8 போன்ற லென்ஸ் வேண்டும். எல்லோரும் சொல்லும் 50 மி.மீ. லென்ஸ் முகப்படத்துக்கு அருமையானது. ஆனால் இந்தச் சென்சாரில் அது 75, 80 மி.மீ. போல நெருக்கிக் காட்டும், சின்னக் கூடத்தில் சுவரோடு ஒட்டி நின்றாலும் குடும்பம் முழுதும் அடங்காது.

போனுக்கும் பலவீனம் உண்டு. குறைந்த வெளிச்சத்தில் அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. கோயில் கோபுரம் அசையாது, அதனால் நன்றாக வரும். மூன்று வயதுக் குழந்தை அசையாமல் இருக்காது, கை கால் இழுபட்டு வரும். எஸ்.எல்.ஆரில் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை ஒரு நொடியில் 250-இல் ஒரு பங்காக வைத்தால் ஓட்டம் உறைந்து நிற்கும். நாளைக்குப் பள்ளி ஆண்டு விழாவில் மகள் மேடையில் ஆடும்போது, பின்வரிசையிலிருந்து போனில் இழுத்து எடுத்தால் முகம் தெளிவாக வருவது கடினம். அங்கே நீள லென்ஸ் போட்ட கேமராவுக்கு மாற்று கிடையாது. ஆகவே எஸ்.எல்.ஆர். வீண் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் அதன் முறை இன்னும் வரவில்லை.

அழிந்துபோன படங்களுக்கும் எஸ்.எல்.ஆருக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துப் பாருங்கள். கேமரா வந்தால் அது யார் கையில் இருக்கும்? உங்கள் கையில். எப்போது வெளியே வரும்? ஞாயிற்றுக்கிழமை, திருவிழா, பிறந்தநாள். குழந்தை சோற்றை மூக்கில் அப்பிக்கொள்ளும் செவ்வாய்க்கிழமை மதியம் நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள். அந்த மதியத்தை எடுக்கப்போவது அதே பழைய போன்தான். உங்கள் கேமராவில் விசேஷ நாட்கள் சேரும், அவர் போனில் அன்றாடம் அழிந்துகொண்டே போகும்.

காதுகுத்துப் படத்தைப் புகழ்கிறீர்களே, அதில் உங்கள் மனைவி இருக்கிறாரா? வீட்டில் எடுத்த படங்கள் எத்தனையில் இருக்கிறார்? எடுப்பவர் எந்தப் படத்திலும் விழுவதில்லை. நாளைக்கு உங்கள் மகள் வளர்ந்து, 'நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா எப்படி இருந்தாள்' என்று கேட்டால் என்ன எடுத்துக் காட்டுவீர்கள்? குழந்தையின் அம்மாவைப் படத்தில் கொண்டுவருவது கணவனின் கடமை என்று நான் நினைக்கிறேன். அதற்கு இப்போது உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனே போதும்.

ஆகவே, பணத்தை இப்படிச் செலவிடுங்கள். முதலில் ஒரு டி.பி. (1,000 ஜி.பி.) கொள்ளளவுள்ள ஹார்டு டிஸ்க் இரண்டு. ஒரு படம் 4 எம்.பி. என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றில் இரண்டரை லட்சம் படங்கள் அடங்கும். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும், மற்றொன்று மனைவியின் தாய்வீட்டில். ஒரே அலமாரியில் இரண்டையும் வைத்தால் ஒன்று வாங்கியதற்குச் சமம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதிய படங்களை அதிலும் ஏற்றிவிடுங்கள்.

அடுத்தது போன், மனைவிக்கு. 256 ஜி.பி. இடமும், கை நடுக்கத்தைத் தாங்கும் வசதியுள்ள முதன்மைக் கேமராவும் இருந்தால் போதும். 200 மெகாபிக்சல் என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தப் போன்கள் வழக்கமாகப் பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகின்றன. 12 மெகாபிக்சலே 13 அங்குலத்துக்கு 10 அங்குலம் தெளிவாக அச்சிடப் போதும். எந்த போன் என்பதை அவரே கடைக்கு வந்து கையில் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். இவை எல்லாம் உங்கள் தொகையில் பாதிக்குள் முடியும்.

மீதியை வைத்திருங்கள். ஓராண்டு உங்கள் போனில் நீங்களும் எடுங்கள். அந்தப் பழக்கம் நிலைத்தால் கேமரா வாங்கலாம், அதுவும் புதிய எஸ்.எல்.ஆர். வேண்டாம். கேனானும் நிக்கானும் 2018-லேயே எஸ்.எல்.ஆரின் உள்ளே இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) பெரிய சென்சார் கேமராக்களுக்குத் தனி லென்ஸ் வரிசை தொடங்கிவிட்டன, அவர்களின் கவனம் இனி அங்கேதான். அதனால் எஸ்.எல்.ஆர். வேண்டுமென்றால் பழையதாக வாங்குவதே புத்திசாலித்தனம். கேனான் எஸ்.எல்.ஆருக்காக 1987 முதல் வந்த இ.எஃப். லென்ஸ்கள் சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. வாங்கும்போது லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதீர்கள். வாங்கியதைத் தோல் உறையில் பூட்டிவைக்காமல் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

குப்பைத்தொட்டியையும் தாண்டிப்போன படங்களுக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது. உங்கள் மனைவி அவற்றை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பியிருப்பார். அவருடைய அம்மா, உங்கள் அம்மா, அக்கா தங்கைகள், மைத்துனர் என ஒவ்வொருவர் போனிலும் தேடச் சொல்லுங்கள். சுருக்கப்பட்ட படங்கள்தான், ஆனாலும் நீளவாக்கில் பொதுவாக 1600 புள்ளிகள் இருக்கும், ஆறுக்கு நான்கு அங்குலத்தில் அச்சிட அது போதும். கிடைத்ததை மாத வாரியாக அடுக்கி, ஸ்டூடியோவில் அச்சிட்டு ஆல்பத்தில் சேருங்கள். இந்தத் தேடலை மனைவியின் தலையில் கட்டாதீர்கள், நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள். உறவினர்களும் இடம் போதாமல் அழித்துவிடுவதற்குள் கேட்டு வாங்குங்கள்.