கருமருந்து ரைஃபிள் கேள்வி-பதில்: மருந்தைக் கூட்டும் முன் துணியைப் பாருங்கள்

50 காலிபர் (குழல் விட்டம் அரை அங்குலம்) பெர்கஷன் (குழல் வாய் வழியே மருந்தும் குண்டும் கெட்டித்து, கேப் என்ற சிறு வெடிமூடியால் பற்றவைப்பது), உருண்டைக் குண்டு. மருந்து எத்தனை கிரெய்னில் (ஒரு கிராம் சுமார் 15 கிரெய்ன்) தொடங்கலாம்?

50-ல் தொடங்குங்கள். காலிபர் எண் எவ்வளவோ அவ்வளவு கிரெய்ன், ஆரம்பத்துக்கு அது போதும். அப்புறம் ஐந்தைந்தாகக் கூட்டி, ஒவ்வொரு அளவிலும் 5 குண்டு சுடுங்கள். துளைகள் நெருங்கி வந்து மறுபடி விலக ஆரம்பித்தால் ஒரு படி இறங்குங்கள். தயாரிப்பாளர் சொன்ன உச்ச அளவைத் தாண்டவே கூடாது. மருந்தை அளவுக்குழாயில் அளந்துதான் ஊற்ற வேண்டும். குடுவையிலிருந்து நேராகக் குழலுக்குள் ஊற்றினால், உள்ளே கனன்றுகொண்டிருக்கும் ஒரு பொறி போதும், குடுவை கையிலேயே வெடிக்கும்.

இரண்டு எஃப் மருந்தா, மூன்று எஃப் மருந்தா?

எஃப் கூடக் கூட மருந்துத் தூள் நைசு. 45 காலிபர் வரை மூன்று எஃப். 54-ம் அதற்கு மேலும் இரண்டு எஃப். 50-ல் இரண்டும் ஓடும். மூன்றுக்கு மாறினால் மருந்தைப் பத்து, பதினைந்து சதவீதம் குறையுங்கள்.

90 கிரெய்ன் போட்டும் 50 கெஜத்தில் 8 அங்குலம் சிதறுகிறது. 100-க்குப் போகலாமா?

போகக் கூடாது. உங்கள் கடிதத்தில் ட்விஸ்ட் (குழலுக்குள் வெட்டிய திருகுப் பள்ளமான புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது என்பது) இல்லை, குண்டின் அளவு இல்லை, குண்டைச் சுற்றிக் குழலில் இறக்கும் துணியின் தடிமன் இல்லை, மருந்து மட்டும்தான் இருக்கிறது. இப்படி ஒரு கடிதம் வராத மாதமே கிடையாது. குறி சரியில்லை என்றால் மருந்தைக் கூட்டு என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

சுட்ட துணி எங்கே? குழல் வாயிலிருந்து பத்துப் பதினைந்து கெஜத்துக்குள் தரையில்தான் கிடக்கும். சுடுதளம் ஓய்ந்ததும் போய்ப் பொறுக்கிக் கையில் விரித்துப் பாருங்கள். நடுவில் குண்டு உட்கார்ந்த வட்டம் கறுத்திருக்க வேண்டும், சுற்றிலும் புரியின் தடங்கள் பதிந்திருக்க வேண்டும், ஓரம் லேசாகப் பிசிறியிருக்கலாம். மறுபடி போட்டுச் சுடலாம் போலத் தோன்றினால் அது நல்ல துணி. தடம் பதிந்த இடத்தில் கோடு கோடாக அறுந்திருந்தால் புரியின் விளிம்போ குழல் வாயோ கூராக இருக்கிறது. வட்டத்தைச் சுற்றி எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் நெருப்பு குண்டைத் தாண்டி முன்னால் ஓடுகிறது, அதாவது துணி மெல்லிசு. அந்த நிலையில் மருந்தைக் கூட்டினால் துணி இன்னும் கருகும், குண்டு புரியைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

நானே ஒரு கோடை முழுக்க 0.490 அங்குலக் குண்டையும் 0.010 துணியையும் வைத்துக்கொண்டு அல்லாடினேன். 0.018 தடிமனில் கெட்டியான மெத்தைத் துணிக்கு மாறிய அன்றைக்கே, அதே 70 கிரெய்னில், துளைகள் 2 அங்குலத்துக்குள் வந்துவிட்டன. துணி முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்தால் உருகிக் குழலில் ஒட்டும்.

இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே ஈரத்துணி ஒரு தடவை, காய்ந்த துணி ஒரு தடவை விட்டுத் துடையுங்கள். கருமருந்தில் பாதிக்கு மேல் எரிந்த பிறகும் திடக்கழிவாகவே நிற்கும். துடைக்காமல் சுட்டால் ஐந்தாவது குண்டு போவது வேறு குழலில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேப் வெடிக்கிறது, மருந்து பற்றவில்லை.

நிப்பிள் (கேப் உட்காரும் குமிழ்) துளையில் எண்ணெய். கெட்டிக்கும் முன், காலிக் குழலில் இரண்டு கேப் வெடித்து, குழல் வாயருகே ஒரு புல் அசைகிறதா பாருங்கள். அசைந்தால் வழி சுத்தம். கெட்டித்த பிறகு பற்றாமல் போனால் ஒரு நிமிடம் முழுசாகக் குழல் இலக்கையே பார்த்திருக்கட்டும்.

பிரிட்டிஷ் பட்டாளத்தின் 1853 என்ஃபீல்டு ரைஃபிள் நகலுக்குப் பட்டாள அளவே போடலாமா?

பட்டாள அளவு 68 கிரெய்ன் மருந்து, 530 கிரெய்ன் குண்டு. 100 கெஜத்துக்கு அவ்வளவு தேவையில்லை, 45-லிருந்து தேடுங்கள். மின்னி குண்டின் (அடிப்பக்கம் குழிந்த நீளக் குண்டு) பாவாடை, அதாவது அடி விளிம்பு, மெல்லிசாக இருந்தால் அதிக மருந்தில் ஊதி விரிந்து, குண்டு தாறுமாறாகப் பறக்கும். குண்டு குழல் விட்டத்தைவிட ஆயிரத்தில் ஒன்றிரண்டு அங்குலம்தான் குறைவாக இருக்கலாம். ஈயம் சுத்தமானதாக, நகம் பதியும் மென்மையில் இருக்கட்டும். பூச்சுக்குத் தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும் போதும். 1857-ல் பெரும் கலகத்துக்குப் பொறியானது இதே துப்பாக்கியின் தோட்டாவில் தடவிய கொழுப்புதான். மோட்டார் எண்ணெய் வேண்டாம், தார் மாதிரி இறுகும்.

புகை குறைய நைட்ரோ மருந்து (இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்து) கொஞ்சம் கலக்கலாமா?

கூடாது. ஒரு சிட்டிகைகூடக் கூடாது. குழல் பிளக்கும்.

ரேம்ராடில் (குண்டை உள்ளே தள்ளும் கோலில்) கோடு போடச் சொல்கிறீர்களே, எதற்கு?

குண்டு மருந்தின் மேல் முட்டி உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு, சரியாகக் கெட்டித்தபோது குழல் வாயருகே போட்ட அந்தக் கோடுதான் சாட்சி. இடையில் காற்று இருந்தால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். போன தடவையும் எழுதினேன், அடுத்த தடவையும் எழுதுவேன்.

பரணில் தாத்தாவின் பழைய பெர்கஷன் துப்பாக்கி கிடைத்தது. சுடலாமா?

முதலில் லைசென்ஸ். சுடக்கூடிய நிலையில் இருந்தால் 1959 ஆயுதச் சட்டம் இதற்கும் உண்டு. அதற்கும் முன்னால், அது கெட்டித்த துப்பாக்கியா என்று பாருங்கள், பரண் துப்பாக்கிகளில் இது சகஜம். நிப்பிளில் கேப் இல்லை என்று உறுதி செய்யுங்கள். முகத்தை வாய்க்கு நேரே கொண்டுபோகாமல் ரேம்ராடை மெதுவாக அடிவரை விட்டு, வாயருகே அடையாளம் வையுங்கள். வெளியே எடுத்து, அதே அடையாளம் வாயருகே இருக்கும்படி குழலின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். முனை நிப்பிளுக்கு ஓர் அங்குலமோ அதற்கு மேலோ முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கின்றன. நோண்டி எடுக்கப் பார்க்காமல் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.