தாத்தாவுக்குப் பரிசா, மருந்துச் சீட்டா?

கேள்வி: என் தாத்தாவுக்கு அடுத்த மாதம் 82 வயது நிறைகிறது. என்ன வேண்டும் என்று கேட்டால் "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று முடித்துவிடுகிறார். ரத்த அழுத்தக் கருவி, ஸ்மார்ட் வாட்ச், காது கேட்கும் கருவி என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அவருக்குப் பயனுள்ள பரிசு எது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: ஆறு வயதுப் பையனுக்குப் பரிசு வாங்கும்போது யாராவது 'பயனுள்ளதாக' என்று தேடுகிறோமா? அவனுக்கு என்ன பிடிக்கும் என்றுதான் கேட்கிறோம். முப்பது வயதுக்காரருக்கும் அப்படித்தான். எழுபதைத் தாண்டிவிட்டால் மட்டும் பிடித்தது என்ற பேச்சே போய், பயன் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மனிதருக்கு விருப்பம் என்பது ஒரு வயதோடு தீர்ந்துபோகிறதா என்ன? இந்த வழக்கத்தின் மேல் எனக்கு வெகுநாள் கோபம்.

பிறந்த நாள் காலையில் வண்ணக் காகிதத்தைப் பிரித்தால் உள்ளே ரத்த அழுத்தக் கருவி. வீடே கைதட்டுகிறது. 'உங்களைப் பார்த்தால் எங்களுக்கு உங்கள் நோய்தான் ஞாபகம் வருகிறது' என்று அவரிடம் சொல்வதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. மருத்துவர் சொன்னால் அந்தக் கருவியை அவசியம் வாங்குங்கள். ஏதாவதொரு செவ்வாய்க்கிழமை வாங்கி அலமாரியில் வையுங்கள். அது வீட்டுச் செலவுக் கணக்கில் சேர வேண்டியது.

காது கேட்கும் கருவியைச் சொல்லாமல் கொள்ளாமல் வாங்கித் தரவே கூடாது. எந்த ஒலி எவ்வளவு கேட்கவில்லை என்று சோதித்து, அவர் காதுக்கேற்பச் சரிசெய்து தர வேண்டிய பொருள் அது. முதுமையில் பெரும்பாலும் முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகள். ஆண்களின் கனத்த குரல் ஓரளவு பிடிபடும். பேத்தியின் குரல் நழுவிவிடும். ச, ஸ போன்ற ஒலிகள் மங்குவதால், யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசினார்கள் என்பது விளங்காது. "கத்தாதே, எனக்குக் காது கேட்கிறது" என்று அவர் எரிந்துவிழுவதில் முழு நியாயம் இருக்கிறது. கத்தலை விட்டுவிட்டு எதிரே உட்காருங்கள், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும், நிதானமாகப் பேசுங்கள்.

பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த பெஞ்சமின் பிராங்ளின் 1785-இல், தம் 79-ஆவது வயதில், ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் தம் இரட்டைக் கண்ணாடியைப் பற்றிச் சொல்கிறார். பாதி தூரத்துக்கு, பாதி கிட்டப் பார்வைக்கு. விருந்தில் தட்டும் தெரிகிறது, எதிரே இருப்பவர் முகமும் தெரிகிறது. பேசுபவரின் முக அசைவைப் பார்ப்பதால் பிரெஞ்சு மொழி முன்பைவிட நன்றாகப் புரிகிறது என்று மகிழ்ந்து எழுதுகிறார். அந்தக் கிழவருக்கு வேண்டியிருந்தது பேசுகிறவரின் முகம்!

ஸ்மார்ட் வாட்ச் பற்றி ஒரு வார்த்தை. தொடுதிரைகள் விரலின் மின்கடத்தும் தன்மையை வைத்து இயங்குபவை. வயதானவர்களின் விரல் உலர்ந்திருந்தால் தொட்டாலும் திரை கண்டுகொள்ளாமல் போவதுண்டு. அவர் நாலு தடவை தட்டிப் பார்ப்பார். "தாத்தாவுக்கு இதெல்லாம் வராது" என்பார்கள் பக்கத்தில் இருப்பவர்கள். பழி அவர் மேல்.

கண் விஷயத்துக்கு வந்தால் நான் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டேன். வயதாக ஆக விழிவில்லை மஞ்சளாகிறது, கண்மணி சுருங்குகிறது. இருபது வயதில் படிக்கப் போதுமான வெளிச்சத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அறுபதில் தேவைப்படுகிறது. உலகமோ எதிர்த்திசையில் போகிறது. மருந்து அட்டையைப் பாருங்கள்: வெள்ளித் தகட்டின் மேல் மையே இல்லாமல் அழுத்திப் பதித்த காலாவதித் தேதி! அந்த மாத்திரையை அதிகம் விழுங்குகிறவர்கள் யார் என்று அதை வடிவமைத்தவர்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா? இந்தப் பத்திரிகையில் எழுத்தைப் பெரிதாக்கியபோது, பக்கம் வீணாகிறது, விஷயம் குறைகிறது என்று கண்டித்து எழுதிய வாசகர்கள் உண்டு. இன்றும் எழுதுகிறார்கள். அவர்களுக்கு இன்னொரு முறை சொல்கிறேன்: எழுத்து சிறிதாகாது. எழுபது வயது வாசகர் பூதக்கண்ணாடி இல்லாமல் படிப்பதற்காக இரண்டு கட்டுரைகளைக் குறைப்பேன்.

ஆகவே உங்கள் தாத்தா படிக்கிறவரானால், கழுத்து வளையும் நல்ல மேசை விளக்கு ஒன்று கொடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து தாளில் விழ வேண்டும், கண்ணில் அடிக்கக் கூடாது; முதிய கண்ணுக்குக் கூச்சம் அதிகம். பொத்தான் பெரிதாக, தடவிப் பார்த்தாலே தெரிவதாக இருக்கட்டும்.

இனி அந்த "எதுவும் வேண்டாம்". அதை நம்புங்கள். பொருள் வேண்டாம் என்கிறார், அவ்வளவுதான். மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் புதுப்புது அனுபவங்களைவிட நெருங்கியவர்களோடு இருப்பதையே நாடுகிறார்கள் என்று லாரா கார்ஸ்டன்சன் என்ற உளவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். என் யோசனை: அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். அவரால் மட்டுமே செய்ய முடிகிற வேலை.

வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களை எடுங்கள். சின்னச் சின்னக் குழுப் படங்களை, முகம் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கி ஒரு ஆல்பம் செய்யுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இடம் விடுங்கள். பிறந்த நாளன்று பக்கத்தில் உட்கார்ந்து, யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். மூலப் படங்களின் பின்புறம் குறிப்பதானால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் மெல்ல எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா படத்தில் தடம் பதிக்கும். அந்த முகங்களுக்குப் பெயர் தெரிந்த ஒரே ஆள் பல வீடுகளில் தாத்தாதான்.

பத்து வயதிலிருந்து முப்பது வரையிலான நினைவுகள்தான் முதுமையில் அதிகம் மேலெழுந்து வரும் என்கிறது நினைவாற்றல் ஆய்வு. அந்த வருடங்களின் படங்களை முதலில் வையுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், "நல்லாத்தான் இருந்தது" என்று முடிந்துவிடும். "உங்கள் தோளில் கை போட்டிருக்கிற இவர் யார்? ஏன் முறைக்கிறார்?" என்று கேளுங்கள். குரலைப் பதிவுசெய்வதானால் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். களைப்பு தட்டினால் நிறுத்திவிடுங்கள். மீதிப் படங்களுக்கு அடுத்த ஞாயிறும் போகலாம்.