ஓர் அடி உயரம்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கம் ஒரு சாலை வேலையில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் ஒரு கல்வெர்ட்டில் ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்), கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் தரையைவிட ஓர் அடி உயரத்தில் அமைகிறது. டிராயிங் அப்படி, போட்டது நானில்லை. சேலஞ்சர் விண்கலம் பற்றிக் கல்லூரியில் படித்தேன். அந்தப் பொறியாளர்களைப் போல நானும் எதிர்க்க வேண்டுமா? வேலை போய்விடுமோ என்று பயம்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சேலஞ்சரை விடுங்கள். 1986 ஜனவரியில், இந்தக் குளிரில் ராக்கெட் இணைப்பிலுள்ள ரப்பர் வளையம் தாங்காது என்று பொறியாளர்கள் முந்தின இரவே சொன்னார்கள். மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. மறுநாள் விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்ததை உலகமே டிவியில் பார்த்தது. உங்கள் பைப் எந்த டிவியிலும் வராது.

செட்டிநாட்டில் வற்றாத ஆறு ஏது? ஐப்பசி கார்த்திகை மழையை வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கும் ஊருணிக்கும் கொண்டுபோய்த்தான் இந்த ஊர்கள் பிழைத்தன. ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்ததற்குத் தண்ணீர். சில அங்குலச் சரிவை நம்பி வருகிற தண்ணீருக்குக் குறுக்கே ஓர் அடி!

எங்கள் ஊர் பைபாஸில் இதுதான் நடந்தது. அளந்தது கோடையில். அப்போது வரத்துக்கால் மாட்டுத்தடம் மாதிரிதான் கிடக்கும். பைப்பை உயர்த்தி வைத்துவிட்டார்கள். அடுத்த மழையில் சாலைக்கு மேற்கே நெல் அழுகியது, கிழக்கே ஊருணி நிறையவில்லை. அம்மா குடத்தோடு லாரித் தண்ணீருக்கு நின்றார். பட்டா வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. ஊருணி புறம்போக்கு, அதை நம்பியவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. எவ்வளவு மழைக்கு எங்கே தண்ணீர் ஏறும் என்று, கண்மாய்த் தண்ணீரைத் திறந்து பங்கிடும் நீர்பாய்ச்சிக்குத் தெரியும். அவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் ஆறவில்லை எனக்கு.

அந்த பைபாஸ் போட்டவர்களாவது தெரியாமல் செய்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். உங்களுக்குத் தெரிந்துவிட்டது. 'போட்டது நானில்லை' என்று இன்னொரு முறை எழுதாதீர்கள். பைப்பைப் பதிக்கப்போவது நீங்கள்தான்.

வேலை பற்றிய பயம் நியாயம்தான். வீட்டில் கடன் இருக்கும், உங்களை நம்பி ஆட்கள் இருப்பார்கள். ஆனால் நீங்கள் இன்னும் மேலதிகாரியிடம் வாயே திறக்கவில்லையே, அப்புறம் எதிர்ப்பதைப் பற்றி என்ன பேச்சு? ஊர்ப் பெரியவர் ஒருவரையும் நீர்பாய்ச்சியையும் கூட்டிக்கொண்டு வரத்துக்காலை ஊருணி வரை நடந்து பாருங்கள். லெவல் எடுத்து, அளவுகளோடு எழுத்தில் கொடுங்கள். தார் விழுந்த பிறகு அதை உடைக்க யாரும் விடமாட்டார்கள். கொடுத்த கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்புங்கள்.