நிலவியல் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு ப்ளஸ் ஒன் சேரக் காத்திருக்கிறேன். பாறைகளையும் கனிமங்களையும் பற்றிப் படிக்க ஆசை. பாலக்காட்டில் இருக்கும் என் அத்தை மகன் மேல்நிலை வகுப்பிலேயே நிலவியலை ஒரு பாடமாகப் படிக்கிறான். நம் பக்கத்துப் பள்ளிகளில் அந்தப் பாடமே இல்லை. நானும் அங்கே போய்ச் சேர வேண்டுமா?
– ஒரு மாணவர், காங்கேயம்

பதில்: வேண்டியதில்லை, தம்பி. கேரளத்தின் மேல்நிலைக் கல்வியிலும் கர்நாடகத்தின் பி.யூ.சி.யிலும் நிலவியல் ஒரு விருப்பப் பாடமாக இருக்கிறது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் அது தனிப் பாடமாக இல்லை. ஆனால் கல்லூரியில் பி.எஸ்சி. நிலவியல் சேர்வதற்கு அதைப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. படிகங்களின் அமைப்பு, பாறைகளின் வகை, புதைபடிவங்கள் என எல்லாவற்றையும் முதலாண்டில் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்காக வீட்டையும் பயிற்று மொழியையும் விட்டு இரண்டு ஆண்டுகள் வெளியே போவது தேவையற்ற சுமை என்பது என் கருத்து.

நீங்கள் கவனம் வைக்க வேண்டியது ப்ளஸ் ஒன்னில் எடுக்கும் பிரிவில்தான். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் உள்ள பிரிவை எடுங்கள். ஒரு கனிமம் ஏன் அப்படி உருவானது என்று கேட்டால் வேதியியல் விடை சொல்கிறது. நிலநடுக்க அலை பூமிக்குள் எப்படி வளைந்து செல்கிறது என்று கேட்டால் இயற்பியலும் கணிதமும் விடை சொல்கின்றன. மேலும், கரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.களிலும் 1926 முதல் இயங்கிவரும் தன்பாத் சுரங்கவியல் நிறுவனத்திலும் (இப்போது அதுவும் ஐ.ஐ.டி.தான்) ப்ளஸ் டூ முடித்ததும் இத்துறையில் சேர ஜே.இ.இ. எழுத வேண்டும்; கணிதம் இல்லாமல் அந்த வாசலை நெருங்கவே முடியாது. அது கைகூடாவிட்டாலும் சேலம் அரசு கலைக் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றில் இப்படிப்பு உண்டு. பட்டம் முடித்தபின் ஜாம் என்னும் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் முதுகலை சேரும் வழியும் திறந்தே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிலவியல் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்குக் கொங்கு நாட்டைப் போல வாய்ப்பான இடம் எளிதில் அமையாது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள படியூரில் பெரில் என்னும் மணிக்கல் வெட்டியெடுக்கப்பட்டது. நொய்யல் கரையில் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், சங்க காலத்திலேயே அத்தகைய கற்களைப் பட்டை தீட்டி மணிகளாக்கிய பட்டறைகள் அங்கே இருந்ததைக் காட்டின. சிவன்மலையில் நெஃபலின் சைனைட் என்னும் அரிய பாறை இருக்கிறது, டி. எச். ஹாலண்ட் என்ற நிலவியலாளர் நூறாண்டுகளுக்கு முன்பே அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதால், சந்திரயான் 2 தரையிறங்கு கலத்தைச் சோதிப்பதற்கான செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ அதைப் பொடித்துத்தான் உருவாக்கியது. மதுக்கரையிலும் சங்ககிரியிலும் சிமென்ட் ஆலைகள் எழுந்ததற்குக் காரணம் அங்குள்ள சுண்ணாம்புக்கல். கஞ்சமலையின் இரும்புத் தாது, சேலத்தின் மாக்னசைட் என்று இன்னும் நிறைய இருக்கின்றன. விடுமுறையில் இவற்றில் சிலவற்றையாவது நேரில் பாருங்கள். குவாரிக்குள் மட்டும் அனுமதியின்றியும் பெரியவர்கள் துணையின்றியும் போக வேண்டாம்.

கேள்வி: என் மகன் நிலவியல் படிக்கிறேன் என்கிறான். போர் போட இடம் பார்த்துச் சொல்வதற்கு ஒரு பட்டப் படிப்பா? தேங்காயையும் குச்சியையும் வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கிறவர்கள் இங்கே ஏராளம். இதைப் படித்தால் வேறு என்ன வேலை கிடைக்கும்?
– ஒரு விவசாயி, பல்லடம்

பதில்: ஐயா, 1,000 அடிக்கு மேல் துளைத்தும் புகை மட்டுமே வந்த கிணறுகளைப் பார்த்தவர் நீங்கள், ஆகவே உங்கள் ஐயம் நியாயமானது. நம் பகுதியின் அடித்தளம் கடினப் பாறை. அதில் நீர் ஓடையாக ஓடுவதில்லை. மேலே சிதைந்த பாறை அடுக்கிலும் கீழே உள்ள விரிசல்களிலும் மட்டுமே தங்குகிறது. ஆழம் கூடக்கூடப் பாறையின் எடையால் விரிசல்கள் பொதுவாகக் குறைந்துகொண்டே போகும். நிலவியல் படித்தவர் செயற்கைக்கோள் படத்தில் விரிசல் கோடுகளைத் தேடுகிறார். தரையில் நான்கு மின்முனைகளை ஊன்றி, மின்சாரம் செலுத்தி, மண்ணும் பாறையும் காட்டும் மின்தடையை அளக்கிறார். நீர் நிறைந்த சிதைந்த அடுக்கில் மின்தடை குறைவாகவும், விரிசலற்ற பாறையில் மிக அதிகமாகவும் இருக்கும். அவராலும் நூற்றுக்கு நூறு உறுதி தர முடியாது. ஆனால், இந்த இடத்தில் துளைக்க வேண்டாம் என்று காரணத்தோடு சொல்ல அவரால் முடியும். ஒரு குடும்பத்தின் கடனை அந்த ஒரு சொல் தடுத்துவிடக்கூடும் என்பதால், இதைச் சிறிய வேலை என்று நான் ஒருபோதும் கருதமாட்டேன்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை மறைக்காமல் சொல்கிறேன்: வெறும் பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் வாய்ப்புகள் குறைவு. 1851இல் தொடங்கப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிலும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வுக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். மாநிலத்தில் புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் உதவிப் புவியியலாளர் பணிக்கு (நிலவியலைத்தான் அங்கே புவியியல் என்கிறார்கள்) டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. ஓ.என்.ஜி.சி., என்.எல்.சி., கோல் இந்தியா போன்ற பொதுத்துறை நிறுவனங்களும், சிமென்ட், கிரானைட் தொழில்களும், அணை, சுரங்கப்பாதை கட்டும் நிறுவனங்களும் நிலவியலாளர்களை வேலைக்கு எடுக்கின்றன. அரசுப் பணியிடங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒரே அளவில் வருவதில்லை. ஆகவே ஐந்தாண்டுப் படிப்பும் அதன்பின் தேர்வுக்கான காத்திருப்பும் சேர்ந்த காலத்தைத் தாங்கும் பொறுமை மகனுக்கும் வீட்டுக்கும் வேண்டும். தொலையுணர்வுப் படங்களையும் வரைபட மென்பொருளையும் கையாளப் பழகியிருந்தால் அந்த இடைக்காலத்தில் சும்மா இருக்க நேராது.

கேள்வி: மலையிலும் காட்டிலும் அலைய வேண்டிய இப்படிப்புக்குப் பெண்பிள்ளையை அனுப்பலாமா?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: தாராளமாக அனுப்பலாம், அம்மா. 1983இல் அண்டார்டிகா சென்ற இந்தியக் குழுவில் இருந்த இரண்டு பெண்களில் ஒருவரான சுதீப்தா சென்குப்தா நிலவியலாளர்தான். 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடிச் சுரங்கத்தில் வேலைக்கு வைக்கத் தடை விதித்திருந்தது. தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளுக்கு 2019இல் மத்திய அரசு அதைத் தளர்த்தியது. களப்பயணம் இப்படிப்பின் கட்டாயப் பகுதி என்பதால், சேருமுன் கல்லூரிக்கு நேரில் சென்று, பயணத்தில் ஆசிரியைகள் உடன் வருகிறார்களா, மாணவிகள் எங்கே தங்குகிறார்கள் என்று துறைத் தலைவரிடமே கேட்டுவிடுங்கள். அங்கே மூன்றாமாண்டு படிக்கும் மாணவிகளிடம் பேசினால் இன்னும் தெளிவு கிடைக்கும்.