பக்கத்து நாற்காலிக்காரர் வேறு கட்சி என்றால்: கேள்வி பதில்

ஒரே பொழுதுபோக்குக்காகக் கூடுகிற முன்பின் தெரியாதவர்கள், அரசியலில் எதிரெதிராக இருந்தால் எப்படிப் பேசுவது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். குழு உரையாடல்களை நெறிப்படுத்துவது என் துறை. எந்தக் கட்சி நல்லது என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. ஓர் எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் இன்னொரு முறையும் சொல்வேன்: நேரில் தொடங்கிய அரசியல் பேச்சை வாட்ஸ்அப் குழுவுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி (சதுரங்கக் குழு): வணக்கம் அக்கா. சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அரசியல் பேச எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

பதில்: நாள் கணக்கு முக்கியமில்லை. ஒன்றாகச் சேர்ந்து ஒரு வேலையை முடித்தீர்களா என்பதே கணக்கு. 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் சமூக உளவியலாளர் முசாபர் ஷெரீப் குழுவினர் 22 சிறுவர்களை ஒரு முகாமில் இரண்டு அணியாக வைத்துப் பார்த்தார்கள். போட்டி தொடங்கியதும் பகை மூண்டது. பிறகு இரு அணிகளையும் ஒரே கூடத்தில் சாப்பிட வைத்தும், படம் பார்க்க வைத்தும் பகை தணியவில்லை. தண்ணீர் வரத்து நின்றபோது சேர்ந்து தேடிச் சரிசெய்வது, நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது என்று, இரு தரப்பும் கை கொடுத்தால்தான் முடியும் என்கிற வேலைகள் அடுத்தடுத்து வந்தபோதுதான் தணிந்தது. ஒரு வேலை போதவில்லை, பல வேண்டியிருந்தன.

அதே 1954இல் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட், இரு தரப்பினர் பழகுவதால் வெறுப்பு குறைய நான்கு நிலைமைகள் வேண்டும் என்று எழுதினார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, பொறுப்பில் இருப்பவர்களின் ஆதரவு. பொழுதுபோக்குக் குழுவில் பின்னிரண்டும் முயன்றால் கிடைக்கும். சறுக்குவது சம அந்தஸ்தில்தான். மூத்த ஆட்டக்காரர் புதியவருக்கு அரசியல் பாடமும் சேர்த்து எடுக்க ஆரம்பித்துவிடுவார். உங்கள் குழுவில் இன்னொரு சிக்கலும் உண்டு: எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்களைத் தோற்கடிக்கத்தான் வந்திருக்கிறார். அதனால் ஆட்டம் முடிந்த கையோடு பேசாதீர்கள். மேசை போடும்போதும் கடிகாரங்களை எடுத்து வைக்கும்போதும் பேசுங்கள். இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்கும் நேரம் அதுதான்.

கேள்வி (பறவை பார்ப்போர்): கூட வந்தவர் நடந்துகொண்டே திடீரென்று, "இந்த ஏரியப் பத்தி எந்தக் கட்சிக்கும் கவலை இல்ல, எல்லாரும் ரோடு போடறவனுக்குத்தான் வேலை செய்றாங்க" என்றார். எனக்கு அந்தச் சாலை வேண்டும். சும்மா இருந்துவிட்டேன். என்ன சொல்லியிருக்கலாம்?

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "அப்போ ஜனங்களுக்கு ரோடு வேண்டாமா?" என்றுதான் முதலில் நாக்கில் வரும். அது கேள்வி மாதிரி தெரிந்தாலும் குற்றச்சாட்டு. அவர் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்குவார், அத்தோடு பேச்சு முடிந்தது.

முதலில், பார்த்துப் பதில் சொல்லக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: "ரோடு எந்தப் பக்கமா வருதுன்னு பாத்தீங்களா?" அவர் கட்சியை விட்டுவிட்டு ஏரியைக் காட்டத் தொடங்குவார். கிழக்குக் கரையை உடைத்துப் போடுகிறார்கள், நாணல் அந்தப் பக்கம்தான் அடர்த்தி, கூடு கட்டுவதும் அங்கேதான் என்பார். குறுக்கிடாதீர்கள். அவர் மூச்சு விட்டதும் அவர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள்: "ரோடே கூடாதுங்கல, கரைய உடைக்கக் கூடாதுங்கறீங்க. சரியா புரிஞ்சுக்கிட்டேனா?" "ஆமா, அதேதான்" என்று வரும்வரை உங்கள் கருத்துக்குப் போகாதீர்கள். எதிராளி சொல்வதை, அவரே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு எடுத்துச் சொன்ன பிறகே மறுக்க வேண்டும் என்று கணிதவியலாளர் அனடோல் ராப்போபோர்ட் வலியுறுத்தினார். செய்து பார்த்தால் தெரியும், பாதிப் பேருக்கு முதல் தடவையில் சரியாக வராது. அவர், "இல்ல, நான் அப்படிச் சொல்லல" என்றால் அது தோல்வியில்லை. "அப்ப எப்படி?" என்று கேட்டு மறுபடி சொல்லுங்கள்.

அதன் பிறகு உங்கள் முறை. மறைக்க வேண்டாம்: "எனக்கு அந்த ரோடு வேணும். கரை உடையறது எனக்கும் பிடிக்கல." இரண்டு வாக்கியம் போதும். நடுவில் "ஆனா" போட்டால் அதற்கு முன்னால் சொன்னது அடிபட்டுப்போகும், அதனால் தனித்தனியாகச் சொல்லுங்கள். இப்போது உங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது சாலை வேண்டுமா வேண்டாமா என்பது இல்லை, எந்தப் பக்கமாகப் போட வேண்டும் என்பதுதான். நான் பொதுநிலம் என்று சொல்வது இதைத்தான். முடிவில் ஒத்துப்போவது அபூர்வம், கவலையில் ஒத்துப்போவது அடிக்கடி நடக்கும்.

கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. திருப்பிச் சொல்லும்போது, "அதாவது எல்லா அரசியல்வாதியும் திருடன்ங்கறீங்க" என்று ஊதிப் பெருக்கினால் அவர் அதையே பிடித்துக்கொள்வார். அவர் சொன்னதை விடப் பெரிதாக ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள்.

கேள்வி (புகைப்படக் குழு): ஆபத்தில்லாத தலைப்பு எது?

பதில்: உங்கள் பொழுதுபோக்கையே தொடுகிற அரசியல். பொது இடத்தில் படம் எடுக்க அனுமதி, பூங்கா மூடும் நேரம், லென்ஸுக்கான இறக்குமதி வரி. எல்லோருக்கும் நேரடி அனுபவம் இருக்கும், கட்சி நிலைப்பாடு மங்கலாகத்தான் இருக்கும்.

கேள்வி (பலகை விளையாட்டு): ஆதாரத்தோடு நிரூபித்தாலும் ஒத்துக்கொள்ளாதவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: வழிக்குக் கொண்டுவருவது வேறு வேலை. திருத்தம் காட்டினால் குறிப்பிட்ட ஒரு தகவலை மக்கள் பெரும்பாலும் திருத்திக்கொள்கிறார்கள். அதற்காக ஆதரிக்கும் தலைவரை மாற்றிக்கொள்வதில்லை. எண்ணைத் திருத்தினால் கட்சி மாறிவிடும் என்று எதிர்பார்ப்பதால்தான் உங்களுக்குச் சலிப்பு. எண் தவறு என்றால் தனியாக இருக்கும்போது ஒரு தடவை சொல்லுங்கள், விட்டுவிடுங்கள். நான்கு பேர் பார்க்க, மேசையில் கைபேசியை நீட்டிக் காட்டினால் அவர் காப்பாற்ற நினைப்பது தன் மானத்தை. அங்கே ஆதாரத்துக்கு வேலை இல்லை.

கேள்வி (இருசக்கர வண்டிப் பயணக் குழு): புள்ளிவிவரம் காட்டியும் நம்பாதவரிடம் என்ன பேசுவது?

பதில்: மேலே சொன்னதேதான். ஒன்று சேர்க்கிறேன். 2016இல் அரசியல் அறிவியலாளர்கள் டேவிட் புரூக்மேன், ஜோஷுவா கல்லா இருவரும் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் மயாமியில் வீடு வீடாகப் போனவர்கள் திருநர் பற்றி ஏறக்குறைய 10 நிமிடம் பேசினார்கள். வெறுப்பு குறைந்தது, 3 மாதம் கழித்தும் அது நிலைத்தது. அவர்கள் வாதத்தால் ஜெயிக்க முயலவில்லை. வீட்டிலிருந்தவர் எப்போதாவது தான் ஒதுக்கப்பட்ட அனுபவத்தை நினைத்துப் பார்க்கும்படி கேட்டார்கள், பழி சொல்லாமல் கேட்டுக்கொண்டார்கள். புள்ளிவிவரத்தைப் பையில் வைத்துவிட்டு, "இந்த விஷயம் உங்கள நேரடியா எப்பத் தொட்டுச்சு?" என்று கேளுங்கள்.

கேள்வி (மரவேலைக் கூடத்தின் ஒருங்கிணைப்பாளர்): எங்கள் கூடத்தில் அரசியலே பேசக்கூடாது என்று விதி போட்டுவிட்டோம். நிம்மதியாக இருக்கிறது. சரிதானே?

பதில்: சரிதான். பழைய விதியும்கூட. 1723இல் அச்சான, ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பின் சட்டதிட்டத்திலேயே மதச் சண்டையையும் அரசியல் சண்டையையும் கூடத்துக்குள் கொண்டுவரக்கூடாது என்று இருக்கிறது.

மறுப்பு (பின்னல் குழு): ஒத்துக்கொள்ள மாட்டேன். "அரசியல் வேண்டாம்" என்பது நடப்பில் நிம்மதியாக இருப்பவர்களுக்கு வசதியான விதி. ஒருவர் பிறப்பையோ மொழியையோ கிண்டல் செய்தால் அது நகைச்சுவை, பாதிக்கப்பட்டவர் பதில் சொன்னால் அது அரசியல். முதல் ஆள் விதியை மீறவில்லை, இரண்டாம் ஆள் மீறிவிட்டார் என்று ஆகிவிடுகிறது.

ஒருங்கிணைப்பாளர்: எங்கள் கூடத்தில் வட்ட ரம்பம் ஓடுகிறது. வாக்குவாதத்தில் ஒருவர் தலையைத் திருப்பினால் விரல் போய்விடும். எனக்கு அது போதும்.

பதில்: இரண்டு பேர் சொல்வதும் வெவ்வேறு விஷயம். ரம்பம் ஓடும்போது பேச்சே கூடாது, அரசியல் மட்டுமில்லை. அது பாதுகாப்பு விதி, அப்படியே எழுதி ஒட்டுங்கள். அரசியல் தடைக்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

பின்னல் குழு: அப்படியானால் முதலில் "சரிதான்" என்று ஏன் சொன்னீர்கள்?

பதில்: அவசரப்பட்டுச் சொன்னேன். திருத்திக்கொள்கிறேன். 1723இன் விதியிலும் சண்டைதான் தடை. முழுத் தடையால் இன்னொரு நட்டமும் உண்டு: யாரும் வாய் திறக்காததால் எல்லோரும் ஒரே கருத்து என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள், மாறுபட்டவர் மெல்ல வராமல் போய்விடுவார். ஏன் வரவில்லை என்றுகூடத் தெரியாது. ஒரே விதியை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று, கருவி ஓடும்போது பேச்சு இல்லை. இரண்டு, ஒருவரின் பிறப்பு, மதம், மொழி, உடல் இவற்றை இழிவாகப் பேசுவது நடத்தைக் குற்றம். அதை அரசியல் கணக்கில் சேர்க்காதீர்கள், பேசியவரைத்தான் கண்டிக்க வேண்டும். மூன்று, கொள்கைப் பேச்சு இடைவேளையில், விரும்புகிறவர்கள் மட்டும், 3 அல்லது 4 பேராக. அதற்கு மேல் போனால் உரையாடல் மேடைப் பேச்சாகிவிடும்.

ஒருங்கிணைப்பாளர்: இழிவு எது என்று யார் முடிவு செய்வது? நானா? எல்லோரும் என்னைக் கட்சிக்காரன் என்பார்கள்.

பதில்: தனியாக முடிவு செய்தால் சொல்லத்தான் செய்வார்கள். வெவ்வேறு சாய்வுள்ள இருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். புகார் வந்தால் சொன்ன சொற்களை அப்படியே எழுதி வாங்குங்கள், அர்த்தம் என்ன என்பதைப் பிறகு பார்க்கலாம். முதல் தடவை தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது, இரண்டாம் தடவை ஒரு கூட்டத்துக்கு வரவேண்டாம் என்பது. இரண்டையும் சம்பவம் நடக்கும் முன்பே அறிவித்துவிடுங்கள். நடந்த பிறகு போடும் விதி ஓர் ஆளுக்காகப் போட்ட மாதிரி தெரியும். முக்கியமாக, அறிவிப்பை வாட்ஸ்அப்பில் போட்டு விவாதம் நடத்தாதீர்கள். முகமும் குரலும் இல்லாத இடத்தில், எல்லோர் கண்முன்னாலும் யாரும் பின்வாங்க மாட்டார்கள்.

பின்னல் குழு: இரண்டாவது விதி இருந்தால் எனக்கு மறுப்பில்லை.

கேள்வி (ஓட்டக் குழு): ஓடும்போது பேசலாமா?

பதில்: முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் வருகிற வேகத்தில் என்றால் தாராளமாக. முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கவாட்டில் போவது நல்லதே. துண்டு துண்டாக வரும் சொற்கள் கோபமாகக் கேட்கும்.

கேள்வி (அமெச்சூர் வானொலி, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானலையில் பேசுவோர்): அலைவரிசையில் வெளிநாட்டு நண்பரோடு அரசியல் பேசலாமா?

பதில்: வேண்டாம். நாடு விட்டு நாடு பேசும்போது, அமெச்சூர் சேவையின் நோக்கம் சார்ந்த செய்தியும் சொந்த விஷயமும் மட்டுமே பேசலாம் என்று சர்வதேச வானொலி ஒழுங்குமுறை சொல்கிறது. மிச்சத்துக்கு உங்கள் உரிம விதியைப் பாருங்கள்.

கேள்வி (தோட்டக் குழு): உண்மையைக் காட்டினாலும் மாறாதவரை...

பதில்: மூன்றாவது முறை. மேலே பலகை விளையாட்டுக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (ஓவியக் குழு): "யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?" என்று நேராகக் கேட்கிறார்கள்.

பதில்: "அது எனக்குள்ள இருக்கட்டும். பள்ளிக்கூட விஷயம்னா எவ்வளவு நேரமும் பேசுவேன்." பெயர் சொன்னால் உங்களைப் பற்றிய மற்ற எல்லாவற்றையும் அவரே நிரப்பிக்கொள்வார்.

கேள்வி (வானியல் குழு): அடித்துப் பேசுகிறவரிடம், "ஏன் அப்படி நினைக்கறீங்க?" என்று கேட்டால் இன்னும் சத்தம்தான் கூடுகிறது.

பதில்: "ஏன்" என்றால் காரணங்களை அடுக்குவார், அடுக்க அடுக்க உறுதியாவார். "எப்படி" என்று கேளுங்கள்: "நாளைக்கே அந்தச் சட்டம் வந்தா முதல்ல என்ன நடக்கும், யார் செய்வாங்க, பணம் எங்கேருந்து வரும்?" படிப்படியாக விளக்கச் சொன்னால், தங்களுக்கு நினைத்த அளவு தெரியவில்லை என்று பலர் உணர்கிறார்கள் என 2013இல் அறிதிறன் ஆய்வாளர் பிலிப் ஃபெர்ன்பாக் குழுவினர் காட்டினார்கள். நிலைப்பாடும் மிதமானது என்றார்கள். பின்னால் செய்து பார்த்தவர்களுக்கு அந்த இரண்டாம் பகுதி எப்போதும் கிடைக்கவில்லை. அதனால் மனம் மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள், சத்தம் குறையும் என்பதற்காகக் கேளுங்கள். அதே கேள்வியை உங்களிடமும் கேட்கச் சொல்லுங்கள். குறுக்கு விசாரணை மாதிரி ஒரு பக்கமாகப் போனால் கெட்டுவிடும்.

கேள்வி (பறவை பார்ப்போர், மறுபடியும்): கரையை உடைக்கக்கூடாது என்பதில் இருவரும் ஒத்துப்போய்விட்டோம் என்று வையுங்கள். அதற்கு அப்புறம்?

பதில்: ஆறும் முன் ஒரு வேலையாக மாற்றுங்கள். ஒரு பக்க மனு, ஒரே கோரிக்கை: சாலையைக் கரைக்கு வெளியே தள்ளிப் போடுங்கள். எந்த அரசையும் பழிக்கும் வரி வேண்டாம், எந்தத் தலைவரையும் புகழும் வரியும் வேண்டாம். உங்களில் ஒருவர் கையெழுத்துப் போட முடியாமல் போவது அந்த வரியால்தான். எந்தப் பறவை, கரையில் எந்த இடம், எந்த மாதம் கூடு கட்டுகிறது என்பது மனுவில் இருக்கட்டும், உங்கள் குறிப்பேட்டிலேயே அது இருக்கும். முதல் வரைவை அவரை எழுதச் சொல்லுங்கள், நீங்கள் திருத்துங்கள். சாலை வேண்டும் என்பவர் பெயரும் வேண்டாம் என்பவர் பெயரும் அடுத்தடுத்து இருக்கட்டும். மனுவை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், இருவரும் சேர்ந்து.