‘மா’ என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: குழந்தைகளைத் தூங்கவைக்கும் தாலாட்டுச் செயலி ஒன்றை உருவாக்கியிருக்கிறோம். பல நாடுகளில் வெளியிடப் போகிறோம். ‘மா’ என்ற பெயர் குழுவில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எந்த மொழியிலும் அம்மாவைத்தானே நினைவூட்டும்? ஆனால் தாய்லாந்தில் அதற்கு நாய் என்று பொருள் என ஒரு நண்பர் பயமுறுத்துகிறார். எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

பதில்: நண்பர் சொன்னதில் பாதி உண்மை. தாய்லாந்து மொழியில் பொருளைத் தீர்மானிப்பதில் குரலின் ஏற்ற இறக்கத்துக்கும் பங்கு உண்டு. ‘மா’வைச் சமமாக ஒலித்தால் ‘வா’. தாழ்விலிருந்து மேலேற்றினால் நாய். உச்சத்தில் ஒலித்தால் குதிரை. அவர்களுடைய எழுத்தில் இம்மூன்றையும் வெவ்வேறாக எழுதுகிறார்கள். ஆகவே அந்நாட்டுப் பதிப்பில் பெயரை அவர்கள் எழுத்திலேயே, ‘வா’ என்பதற்குரிய வடிவில் போட்டுவிட்டால் நாய்ப் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிடும்.

என் கவலை வியட்நாம். அங்கே ரோமன் எழுத்துதான். தொனியை எழுத்தின் மேலும் கீழும் இடும் குறிகளால் காட்டுகிறார்கள். குறியைப் பொறுத்து ‘மா’ என்பது அம்மா, ‘ஆனால்’, கல்லறை, நெல் நாற்று என்று மாறும். குறியே இல்லாவிட்டால்? பேய். உங்கள் இலச்சினையில் எந்தக் குறியும் இருக்கப் போவதில்லை. விளக்கணைத்த அறையில் பிள்ளையைத் தூங்கவைக்க ஒரு தாய் ‘பேய்’ என்ற செயலியைத் திறப்பாளா என்று யோசியுங்கள். அந்த நாட்டுக்கு வேறு பெயர் வைத்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘பஜேரோ’ என்பது ஒரு காட்டுப் பூனையின் பெயர். ஆனால் ஸ்பானிய மொழியில் அது கொச்சையான வசைச்சொல்லும்கூட. அதனால் மிட்சுபிஷி நிறுவனம் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் தன் ‘பஜேரோ’ வண்டியை ‘மான்டெரோ’ என்று விற்றது.

இதே வகையில் ஒரு கட்டுக்கதையும் உலவுகிறது. ‘நோவா’ என்ற கார் ஸ்பானிய மொழியில் ‘ஓடாது’ என்று பொருள்பட்டதால் விலைபோகவில்லையாம். அந்தக் கார் மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் நன்றாகவே விற்றது. பெயர் வைப்பது பற்றிய கூட்டங்களில் இக்கதையை யாராவது எடுத்தால் அடுத்த விஷயத்துக்குப் போய்விடலாம்.

சீன மாண்டரின் மொழியில் அம்மா, சணல், குதிரை, திட்டுதல் ஆகிய நான்கும் தொனி மாறிய ‘மா’தான். தொனியில்லாமல் வாக்கியத்தின் கடைசியில் வந்தால், நம் ‘வந்தாயா’ என்பதிலுள்ள ‘ஆ’வைப் போல, கேள்வியாக்கிவிடும். அங்கே எந்தச் சித்திர எழுத்தைத் தேர்கிறீர்கள் என்பதுதான் பெயரே. நீங்கள் தேர்ந்து அறிவிக்காவிட்டால் வாங்குகிறவர்கள் தாங்களாகவே ஒன்றைத் தேர்ந்துகொள்வார்கள்.

எந்த மொழியிலும் அம்மாதான் என்பதும் சரியல்ல. பால் குடிக்கும் குழந்தை வாயை மூடியபடி மூக்கால் முனகும் ஒலியிலிருந்தே ‘ம’கரம் தாயைக் குறிக்க வந்திருக்கலாம் என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் விளக்கினார். பல மொழிகளுக்கு இது பொருந்தும். ஆனால் ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, அம்மாவுக்கு ‘தேதா’. ‘மா’வை இரட்டித்துத் தப்பிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். தமிழிலேயே மாமா வேறு ஆள்.

மீதமுள்ள மொழிகளில் ஆபத்தில்லை, ஆனால் பயனும் இல்லை. இத்தாலியில் ‘ஆனால்’, பிரெஞ்சில் ‘என்’, எஸ்தோனியத்தில் ‘நான்’, ஹங்கேரியத்தில் ‘இன்று’, ஹீப்ருவில் ‘என்ன’, தெலுங்கில் ‘எங்கள்’. நன்னூல் கணக்கிட்ட 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் ‘மா’வும் ஒன்று, நமக்கே அது மரம், குதிரை, பெரிய, மாவு, இருபதில் ஒரு பங்கு. ஜப்பானியத்தில் மட்டும் உங்களுக்கு அதிர்ஷ்டம்: இரண்டு ஒலிகளுக்கு நடுவே விடும் அர்த்தமுள்ள இடைவெளியை ‘மா’ என்கிறார்கள். தாலாட்டுக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா!

கெட்ட பொருளைத் தேடித்தான் எல்லோரும் அலைகிறார்கள். உங்களை உண்மையில் முடக்கப் போவது, ‘ஆனால்’, ‘என்’ போன்ற அன்றாடச் சொற்களோடு கலந்துபோவதுதான். ஓர் இத்தாலியர் இணையத்தில் ‘மா’ என்று தேடினால் உங்கள் செயலி எத்தனையாவது பக்கத்தில் வரும்? ஆகவே ‘மா’வைத் தனியே விடாமல் இன்னொரு சொல்லோடு சேர்த்துவையுங்கள். சேர்த்த பிறகு முழுப் பெயரையும் புதிதாகச் சோதிக்க வேண்டும்.

சோதனைக்கு அகராதி போதாது. வசையும் கொச்சையும் அதில் முழுமையாக இராது. ஒவ்வொரு மொழியிலும் அதைத் தினமும் பேசுகிற சிலரிடம் கேளுங்கள்; பதின்வயதினர் ஒருவராவது அதில் இருக்கட்டும். “இது கெட்ட சொல்லா?” என்று கேட்டால் மரியாதைக்காக இல்லை என்பார்கள். பெயரை எழுதிக் காட்டி, “முதலில் என்ன தோன்றுகிறது?” என்று மட்டும் கேளுங்கள். வேறு சிலரிடம் எழுத்தைக் காட்டாமல் உச்சரித்துக் காட்டுங்கள். இரண்டு விடைகளும் ஒத்துப்போகாத மொழிகளில்தான் வேலை இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்பாக, உலக அறிவுசார் சொத்து அமைப்பின் வணிகப் பெயர்த் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். வணிகக் குறிகளுக்கு 45 வகுப்புகள் உண்டு. தரவிறக்கும் செயலிகள் 9ஆம் வகுப்பில் வரும். ஈரெழுத்து ரோமன் பெயர்களுக்கு அங்கே நெரிசல் அதிகம். வேறொருவர் ஏற்கெனவே பதிந்திருந்தால், பேயைப் பற்றிக் கவலைப்படும் அவசியமே உங்களுக்கு வராது.