ஆட்டுக்குட்டி சீனை வெட்டணுமா? பெர்லின் குழந்தைகள் பட விருது பத்தி ஒரு கேள்வி

வாசகர் ஒருத்தர் அனுப்பின கேள்வி இது, கொஞ்சம் சுருக்கிப் போடறேன்:

"அண்ணா வணக்கம். ஏழு வருஷம் அசிஸ்டென்ட் டைரக்டரா இருந்துட்டு இப்பதான் சொந்தமா ஒரு படம் முடிச்சிருக்கேன், 84 நிமிஷம். செங்கல் சூளையில வேலை செய்ற குடும்பம், 11 வயசுப் பொண்ணு, அவ வளர்க்கற ஆட்டுக்குட்டியை அப்பா கடனுக்காக கறிக்கடைக்கு வித்துடறாரு, அதான் கதை. பெர்லின் ஃபெஸ்டிவல்ல குழந்தைகள் படத்துக்குத் தனி விருது இருக்காமே, அது நிஜமான கரடி விருதா இல்ல ஆறுதல் பரிசா? பணம் உண்டா? எங்க ப்ரொட்யூசர் குழந்தைங்க படம்னா ஆடு திரும்பி வந்தாகணும், கறிக்கடை சீனைத் தூக்குன்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. யூடியூப்ல போட்டு வியூஸ் காட்டினா செலக்‌ஷனுக்கு உதவும்னும் சொல்றாரு. நான் என்ன பண்ணட்டும்?"

தம்பி, முதல்ல அந்த யூடியூப்ல கை வைக்காதீங்க. படம் இன்டர்நெட்ல எல்லாரும் பார்க்கற மாதிரி ஒரு தடவை வந்துடுச்சுன்னா பெர்லின் கதவு சாத்தின மாதிரிதான், அப்புறம் டெலீட் பண்ணிட்டேன்னு சொல்லி புண்ணியம் இல்ல. வியூஸ் எல்லாம் அங்க யாரும் கேக்க மாட்டாங்க. பாஸ்வேர்டு போட்ட லிங்க் அனுப்பறது வேற விஷயம், அது எல்லாரும் பண்றதுதான். ட்ரெய்லர் போடறதுலயும் தப்பில்ல.

இப்ப விருதுக்கு வரேன். நீங்க கேள்விப்பட்டது பெர்லினாலேல (பெர்லின் விழாவோட பேரு அதான்) 'ஜெனரேஷன்'னு ஒரு பிரிவு. இது நேத்து முளைச்சது இல்ல, 1978லயே ஆரம்பிச்சுட்டாங்க. அப்ப அதோட பேரு ஜெர்மன்ல 'ஆறு வயசுலேர்ந்து ஆளுங்களுக்கான சினிமா'ங்கற அர்த்தத்துல இருந்துச்சு. குழந்தைங்கன்னு சொல்லாம ஆளுங்கன்னு சொன்னாங்க பாருங்க, எனக்கு அந்தப் பேரு ரொம்பப் பிடிக்கும், என்னத்துக்கு மாத்தினாங்களோ. அப்புறம் கிண்டர்ஃபில்ம்ஃபெஸ்ட்னு ஆச்சு, 2004ல பதினாலு வயசுக்கு மேல இருக்கறவங்களுக்குன்னு '14ப்ளஸ்' தனியா வந்துச்சு, 2007லேர்ந்து ரெண்டையும் சேர்த்து ஜெனரேஷன்னு கூப்பிடறாங்க. சின்னவங்க பக்கம் 'கேப்ளஸ்', பெரிய பசங்க பக்கம் 14ப்ளஸ், ரெண்டுமே தனித்தனிப் போட்டி.

இதுல குடுக்கறது கோல்டன் பேர், அதாவது தங்கக் கரடி கிடையாது. அது மெயின் போட்டியோடது. இங்க கிடைக்கறது கிறிஸ்டல் பேர், கண்ணாடிக் கரடி. ஆறுதல் பரிசுன்னு நினைச்சீங்கன்னா தப்பு, ஆனா போஸ்டர்ல 'பெர்லின் கரடி விருது'ன்னு மட்டும் மொட்டையாப் போட்டு தங்கக் கரடி மாதிரி காட்டிக்காதீங்க, விஷயம் தெரிஞ்சவங்க சிரிப்பாங்க.

யாரு குடுக்கறாங்கங்கறதுதான் இதுல முக்கியம். கண்ணாடிக் கரடியை முடிவு பண்றது பெர்லின்ல இருக்கற பசங்களேதான். கேப்ளஸுக்கு குழந்தைங்க ஜூரி, 14ப்ளஸுக்கு டீனேஜ் பசங்க ஜூரி. இவங்களை எப்படிப் பிடிக்கறாங்கன்னா, விழாவுல படம் பார்க்க வர்ற பசங்க ஒரு கேள்வித்தாளை நிரப்பிக் குடுக்கணும், பார்த்த படம் பத்தி என்ன தோணுச்சுன்னு. அதைப் படிச்சுட்டுதான் அடுத்த வருஷத்து ஜூரிக்கு ஆள் எடுக்கறாங்க. யாரோ ஸ்டாரோட புள்ளையோ, ஸ்பான்சர் வீட்டுப் பொண்ணோ வந்து உக்கார்றது இல்ல. ஒரு படத்தைப் பார்த்துட்டு நாலு வரி ஒழுங்கா எழுதத் தெரிஞ்ச பசங்க. நம்ம ஊர்ல குழந்தைகள் பட விழான்னா குத்துவிளக்கு ஏத்தறதுலேர்ந்து ஜூரி வரைக்கும் எல்லாம் அங்கிள்ஸ்தான், குழந்தைங்க முதல் வரிசையில உக்காந்து கை தட்டுவாங்க, அவ்ளோதான்.

பெரியவங்க ஜூரியும் தனியா இருக்கு, அவங்க குடுக்கறது கிராண்ட் பிரி. பணம் அங்கதான். முழுநீளப் படத்துக்கு 7,500 யூரோ, குறும்படத்துக்கு 2,500 யூரோ, இதான் வழக்கமா இருக்கற தொகை. கேப்ளஸுக்கு ஜெர்மனியோட குழந்தைகள் நல அமைப்பு ஒண்ணு குடுக்குது, 14ப்ளஸுக்கு அரசியல் கல்விக்கான அவங்க அரசு நிறுவனம் குடுக்குது. கண்ணாடிக் கரடிக்குக் காசு கிடையாது. ஆனா காசைப் பார்த்து இதுக்குப் போகாதீங்க தம்பி, 7,500 யூரோவுல உங்க சூளை செட்டு வாடகை கூட அடையுமோ என்னவோ. அதோட வர்ற சேல்ஸ் ஏஜென்ட் (படத்தை வெளிநாடுகளுக்கு வித்துக் குடுக்கறவர்) ஃபோன் கால், மத்த விழாக்காரங்களோட அழைப்பு, அதுலதான் படம் நிக்கும்.

இப்ப உங்க ப்ரொட்யூசர் மேட்டர். அவர் நினைக்கறது தப்புன்னு நான் சும்மா சொன்னா கேக்க மாட்டாரு, அதனால 2015 கதையைச் சொல்லுங்க. அந்த வருஷம் கேப்ளஸ்ல நாகேஷ் குக்குனூரோட 'தனக்' இருந்துச்சு, கண்ணு தெரியாத தம்பியை அக்கா ராஜஸ்தான் ரோடு வழியா ஷாருக்கானைப் பார்க்கக் கூட்டிட்டுப் போற கதை, கலர்ஃபுல்லா, மனசுக்கு இதமா இருக்கும். அதே போட்டியில 'மை ஸ்கின்னி சிஸ்டர்'னு ஒரு ஸ்வீடன் படம், ஸ்கேட்டிங் பண்ற அக்கா சரியா சாப்பிடாம உடம்பைக் கெடுத்துக்கறதைத் தங்கச்சி கண்டுபிடிக்கறா, வெளிய சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல. ரெண்டுல எது குழந்தைங்க பரிசு வாங்கியிருக்கும்னு உங்க ப்ரொட்யூசர்கிட்ட கேளுங்க. கண்ணாடிக் கரடியைக் குழந்தைங்க ஸ்வீடன் படத்துக்குத்தான் குடுத்தாங்க. தனக்குக்கு கிராண்ட் பிரி குடுத்தது பெரியவங்க, குழந்தைங்க அதை ஸ்பெஷல் மென்ஷனோட நிறுத்திட்டாங்க. இதமான படம் வேணும்னு ஆசைப்படறது பல சமயம் நாமதான்.

அடுத்த வருஷமே 2016ல ஜெயராஜோட மலையாளப் படம் 'ஒட்டால்'. ரஷ்ய எழுத்தாளர் செகாவோட கதையை எடுத்து கேரளாவுல குட்டநாட்டுல வெச்சது. தாத்தாவும் பேரனும் வாத்து மேய்ச்சுக்கிட்டு தண்ணிக்கு நடுவுல இருக்காங்க, கடைசியில அந்தப் பையன் போய்ச் சேர்ற இடம் பட்டாசு ஃபேக்டரி. முடிவுல ஒரு ஆறுதலும் இல்ல. குழந்தைங்க ஜூரி அதுக்குதான் கண்ணாடிக் கரடி குடுத்துச்சு. 2014ல அவினாஷ் அருணோட மராத்திப் படம் 'கில்லா'வுக்குக் குடுத்தாங்க, அதுவும் அப்பாவை இழந்த பையன் கதை.

அதனால கறிக்கடை சீனைத் தூக்காதீங்க. ஆனா எப்படிக் காட்டறீங்கன்னு ஒரு தடவை யோசிங்க, ஏன்னா கேப்ளஸ்ல ஒவ்வொரு படத்துக்கும் இத்தனை வயசுலேர்ந்து பார்க்கலாம்னு ஒரு பரிந்துரை போடுவாங்க. கத்தி, ரத்தம் எல்லாம் க்ளோசப்ல வந்தா அந்த வயசு மேல ஏறும், ஏறினா காலையில வர்ற ஸ்கூல் கிளாஸுங்கள்ல பாதி கழண்டுக்கும். கடைக்கு வெளிய நிக்கற பொண்ணு முகம், உள்ளேருந்து கட்டையில வெட்டற சத்தம், இது போதும்னு எனக்குத் தோணுது. எடிட் உங்களுது.

கேப்ளஸா 14ப்ளஸான்னு நீங்க கேக்கல, ஆனா கேட்டிருக்கணும். ஹீரோயினுக்கு 11 வயசுங்கறதால தானா கேப்ளஸ்னு ஆகிடாது, படம் யார்கிட்ட பேசுதுன்னுதான் பார்ப்பாங்க. 2019ல ரீமா தாஸோட அசாமியப் படம் 'புல்புல் கேன் சிங்' 14ப்ளஸ்ல ஸ்பெஷல் மென்ஷன் வாங்குச்சு, அது டீனேஜ் பொண்ணு, காதல், ஊர்க்காரங்க வந்து அடிக்கறதுன்னு போற படம், அதைக் கொண்டுபோய் ஏழு வயசுக் குழந்தைக்குக் காட்ட முடியாது. உங்களுது கேப்ளஸ் பக்கம்தான் நிக்குதுன்னு நினைக்கறேன்.

அடுத்தது யாரும் கவனிக்காத ஒரு விஷயம், நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசப் போறேன் ஏன்னா பதினஞ்சு வருஷமா சப்டைட்டில் பண்ணித்தான் சாப்பிடறேன். கேப்ளஸ்ல படம் ஒரிஜினல் மொழியில ஓடும், கீழ இங்கிலீஷ் சப்டைட்டில் ஓடும், அதோட நிக்காது. ஆறு வயசு ஜெர்மன் குழந்தைக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுல்ல, அதனால ஹால்லயே ஒருத்தர் மைக் முன்னாடி உக்காந்துக்கிட்டு உங்க பட வசனம் மொத்தத்தையும் ஜெர்மன்ல லைவா வாசிப்பாரு. டப்பிங் இல்ல, பின்னாடி உங்க நடிகர்கள் குரலும் கேட்டுக்கிட்டே இருக்கும். அப்பா, பொண்ணு, பாட்டி, கறிக்கடை பாய் எல்லாருக்கும் பெரும்பாலும் அதே ஒரு குரல்தான். முதல் தடவை கேக்கறவங்களுக்கு விசித்திரமா இருக்கும், பத்து நிமிஷத்துல மறந்துடும்.

இதனால உங்களுக்கு என்னன்னா, குழந்தை ஜூரி உங்க வசனத்தைத் தெரிஞ்சுக்கறது அந்த ஒரு ஆள் வழியா, அந்த ஆள் தெரிஞ்சுக்கறது நீங்க அனுப்பற டயலாக் லிஸ்ட்லேர்ந்து கிளம்பற மொழிபெயர்ப்பு வழியா. அது சொதப்பினா எல்லாம் சொதப்பும். ஒரு உதாரணம் சொல்றேன். போன வருஷம் ஒரு பையன் குறும்படம் கொண்டுவந்தான், அதுல அப்பா வேலைக்கு வெளியூர் கிளம்பறாரு, வாசல்ல நின்னு பொண்ணைப் பார்த்து "வரேன்"ங்கறாரு. சப்டைட்டில்ல 'ஐ ஆம் கமிங்'னு இருக்கு. அந்த அப்பா திரும்பி வரவே போறதில்ல, நம்ம ஆளுங்களுக்கு அந்த ஒத்த வார்த்தையில தொண்டை அடைக்கும், அதை ஜெர்மன்ல அப்படியே 'வந்துக்கிட்டு இருக்கேன்'னு வாசிச்சா குழந்தைங்க குழம்பிடுவாங்க, ஏன்னா ஸ்கிரீன்ல அவர் முதுகைக் காட்டிட்டுப் போய்க்கிட்டு இருக்காரு. சீக்கிரம் வந்துடறேன்ங்கற மாதிரி வெச்சுட்டு, நம்ம ஊர்ல போறேன்னு சொல்ல மாட்டோம்னு பக்கத்துலயே ஒரு குறிப்பு எழுதினோம். உங்க படத்துல சூளைக்குக் கிளம்பற சீன் நிறைய இருக்கும்ல, எல்லாத்தையும் பாருங்க. யார் பேசறாங்கன்னு பேர் போடுங்க. நாலு பசங்க ஒரே நேரத்துல கத்தற இடத்துல எந்த வரி கட்டாயம் கேக்கணும்னு குறிச்சு வைங்க, ஒரு வாய் நாலு வரியைச் சேர்த்து வாசிக்க முடியாது.

ப்ரீமியர், அதாவது படத்தை முதல்ல எங்க காட்டறதுங்கறது பத்தி. இந்தியாவுல காட்டினது பெரிய தடை ஆகாது, வெளிநாட்டுல எங்கயாவது காட்டறதுக்கு முன்னாடி மட்டும் விதியைப் பார்த்துக்கணும். ஒட்டாலே அதுக்கு சாட்சி, 2015லயே நேஷனல் அவார்டு வாங்கி, கேரளாவுல ரிலீஸும் ஆகி, டிசம்பர்ல திருவனந்தபுரம் விழாவுல முதல் பரிசான சுவர்ண சகோரமும் தூக்கிட்டுதான் 2016 பிப்ரவரியில பெர்லின் போச்சு. ஆனா விதி வருஷா வருஷம் கொஞ்சம் மாறும், அந்தந்த வருஷத்து ரெகுலேஷனை நீங்களே உக்காந்து படிங்க. விழா பிப்ரவரியில, படம் அனுப்பற கதவு தீபாவளி வாக்குல மூடிடும், கட்டணம் உண்டு. நடுவுல ஏஜென்ட் யாரும் வேணாம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், செலக்‌ஷன் கேரன்ட்டின்னு சொன்ன கன்சல்டன்ட் ஒருத்தருக்கு ஒன்றரை லட்சம் குடுத்தாரு, அந்தாளு பண்ணது ஆன்லைன் ஃபார்மை நிரப்பி அனுப்பினது மட்டும்தான், அதுலயும் படத்தோட நிமிஷக் கணக்கைத் தப்பாப் போட்டிருந்தான். மாசா மாசம் லாரல் (போஸ்டர்ல ஒட்டிக்கற இலை வளைய முத்திரை) குடுக்கற ஆன்லைன் 'இன்டர்நேஷனல்' விழாங்களுக்கும் பணம் கட்டாதீங்க.

பெர்லின் கிடைக்கலன்னா உலகம் முடிஞ்சுடாது. செக் நாட்டுல ஸ்லின்னு ஒரு ஊரு, 1961லேர்ந்து குழந்தைகள் பட விழா நடத்தறாங்க. இத்தாலியில ஜிஃபோனி, 1971லேர்ந்து, அங்கயும் வயசு வாரியாப் பிரிச்சுப் பசங்கதான் ஜூரி. இங்க நம்ம நேஷனல் அவார்டுல சிறந்த குழந்தைகள் படத்துக்கு சுவர்ண கமல், இப்ப 3 லட்சம் ரூபாய். 'காக்கா முட்டை' போன ரூட்டு ஞாபகம் இருக்கா, 2014 செப்டம்பர்ல டொரன்டோ, 2015 மார்ச்ல நேஷனல் அவார்டு, ஜூன்லதான் தியேட்டர்.

நேஷனல் அவார்டுக்கு சென்சார் சர்டிஃபிகேட் கட்டாயம். உங்க படத்துல ஆடு இருக்கு, அதனால விலங்குகள் நல வாரியத்தோட அனுமதி இல்லாம சென்சார்ல நகராது, ஷூட்டிங்குக்கு முன்னாடியே வாங்கினீங்களா? அந்தப் பொண்ணுக்கும் 2017 விதிப்படி ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல வேலை கூடாது, கலெக்டர் அனுமதி வேணும், சம்பளத்துல 20 சதவீதமாவது அவ பேர்ல பேங்க் டெபாசிட்டா இருக்கணும். இந்த பேப்பரெல்லாம் இருக்கான்னு இன்னைக்கே ப்ரொட்யூசர்கிட்ட கேளுங்க, சீன் தூக்கற சண்டையை அதுக்கப்புறம் வெச்சுக்கலாம்.